கால்குலேட்டர் தட்டினால் மட்டும் போதாது: எஸ்.பி.எம். கணக்குத் தாளில் வழியை எழுதுவது எப்படி

பட்டர்வொர்த்தில் என் வீட்டு ஹாலில் சாயங்காலம் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள், அதாவது மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் வருகிற அரசாங்கத் தேர்வு. ட்ரையல் (எஸ்.பி.எம்.முக்கு முன்னால் பள்ளியில் வைக்கிற மாதிரித் தேர்வு) தாள் திருத்தி வருகிற வாரம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. போன வருஷம் ஒரு பையன் எட் மேட்ஸ் (கூடுதல் கணிதம்) தாளைக் கொண்டு வந்து மேசையில் போட்டான். "டீச்சர், நாலு விடையும் சரி, ஏழுக்கு ரெண்டுதான் போட்டிருக்காங்க, நீங்களே பாருங்க." பார்த்தேன். நாலு விடையும் சரிதான். கேள்விக்குக் கீழே இரண்டு சமன்பாட்டையும் அப்படியே திரும்ப எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, "கால்குலேட்டர்" என்று எழுதி, கீழே நாலு எண். அவ்வளவுதான். திருத்தியவர் சிவப்பு மையில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நான் படிக்கிற காலத்தில் இதையேதான் செய்து இதே கேள்விக்குறியை வாங்கியிருக்கிறேன், அப்போது எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

எஸ்.பி.எம். கணிதம், எட் மேட்ஸ் இரண்டிலும் ப்ரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டு போகலாம். ஆனால் தாளின் முன்பக்கத்திலேயே மலாயில் 'துன்ஜுக்கான் லங்கா-லங்கா பெந்திங்' என்று போட்டிருக்கிறது, முக்கியமான படிகளைக் காட்டு, அது உனக்கு மார்க் வாங்க உதவலாம் என்று அர்த்தம். பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் அங்கா கிலிரானை, அதாவது தேர்வு எண்ணை, எழுதிவிட்டுத் திருப்பிவிடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை.

மார்க் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ட்ரையல் விடைத்தாளின் ஸ்கீமா (திருத்துகிறவர் மார்க் போடப் பார்க்கிற குறிப்பு) கையில் கிடைத்தால் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கே1, என்1 என்று இருக்கும். கே என்பது 'காஎடா', அதாவது முறைக்கான மார்க். என் என்பது கிடைத்த எண்ணுக்கு. ஏழு மார்க் கேள்வியில் கடைசி விடைக்கு ஒன்றோ இரண்டோதான், மிச்சமெல்லாம் நடுவில் இருக்கிற வரிகளுக்கு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பதற்றத்தில் 65-க்குப் பதில் 56 என்று விரல் தட்டிவிட்டது என்று வையுங்கள். வழி எழுதியிருந்தால் முறைக்கான மார்க் கையில் நிற்கும், எண்ணுக்கான மார்க்தான் போகும். வெறும் விடை மட்டும் எழுதியிருந்தால் திருத்துகிறவர் கண்ணில் படுவது ஒரு தப்பான எண், அவ்வளவுதான், பாவம் அவருக்கு உங்கள் விரல் எங்கே வழுக்கியது என்று எப்படித் தெரியும்?

சரி, எப்படி எழுதுவது? நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: சமன் பட்டனை அமுக்குவதற்கு முன்னால், எதைத் தட்டப் போகிறாயோ அதைக் கணக்கு வரியாகத் தாளில் எழுது, அப்புறம் அந்த வரியைப் பார்த்துத் தட்டு. முதலில் தட்டிப் பார்த்துவிட்டு விடை கிடைத்ததும் பின்னால் போய் வழி எழுதலாம் என்று நினைத்தால், பத்தில் எட்டுப் பேர் எழுத மாட்டார்கள், விடை கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வரியைப் பார்த்துத் தட்டுகிற பழக்கம் வந்தால் தட்டுகிற தப்பும் குறையும்.

அந்தப் பையனுடைய மாதிரியே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒய் = 3எக்ஸ் + 2, இன்னொன்று 2எக்ஸ்² − ஒய் = 5. மூன்று தசம இடத்துக்குத் திருத்தமாக விடை வேண்டும். இப்போது எல்லாரிடமும் இருக்கிற கேசியோ 570 வகையில் ஈக்வேஷன் மோடுக்குப் போய் மூன்று எண்ணைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் எக்ஸ் வந்துவிடும். சரி, தட்டிக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மோட் எந்தப் படியை விழுங்கியதோ, அந்தப் படியைத் தாளில் நீங்கள் துப்ப வேண்டும். எழுத வேண்டியது இது:

2எக்ஸ்² − (3எக்ஸ் + 2) = 5
2எக்ஸ்² − 3எக்ஸ் − 7 = 0
எக்ஸ் = [−(−3) ± √((−3)² − 4(2)(−7))] ÷ 2(2)
எக்ஸ் = (3 ± √65) ÷ 4
எக்ஸ் = 2.766, −1.266

முதல் வரி, ஒரு சமன்பாட்டை இன்னொன்றுக்குள் போட்டதற்கு. இரண்டாவது, சுருக்கியதற்கு. மூன்றாவது வரிதான் பையன்கள் அதிகம் விடுகிற வரி, ரூமுஸுக்குள், அதாவது சூத்திரத்துக்குள், எண்களைப் போட்ட வரி. ரூமுஸை மட்டும் எழுதிவிட்டு எண் போடாமல் விடைக்குத் தாவினால் பிரயோஜனம் இல்லை, ரூமுஸ் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு எந்த எண் எங்கே போகும் என்று தெரியுமா என்பதுதான் கேள்வி. நாலாவது வரியில் √65 என்று விட்டிருக்கிறேன் பாருங்கள், அதை உடனே தசமம் ஆக்கத் தேவையில்லை.

இங்கே அடைப்புக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. கால்குலேட்டரில் −3² என்று தட்டினால் −9 வரும், (−3)² என்று தட்டினால்தான் 9. அதே மாதிரி 3 + √65 ÷ 4 என்று அடைப்பு இல்லாமல் தட்டினால் வகுத்தல் √65-க்கு மட்டும் போய் 5.016 என்று ஏதோ வரும், அதை அப்படியே எழுதி வைத்த தாளை நான் பார்த்திருக்கிறேன். தாளில் நீளமாகக் கோடு போட்டுப் பின்னமாக எழுதியிருந்தால் உங்கள் எண்ணம் என்னவென்று படிக்கிறவருக்குப் புரியும், கை தட்டியதுதான் தப்பு என்றும் தெரியும்.

இப்போது ஒய் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் 2.766-ஐ எடுத்து மூன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டுவார்கள், 10.298 வரும். உண்மையான விடை 10.297. எப்படி? எக்ஸ் உண்மையில் 2.76556 என்று ஓடுகிறது, நீங்கள் அதை நடுவழியில் வெட்டிவிட்டீர்கள், வெட்டிய துண்டை மூன்றால் பெருக்கியதும் அந்தச் சின்னத் தப்பும் மூன்று மடங்காகிவிட்டது. இன்னொரு எக்ஸிலும் அதே கதை, −1.798 என்று வரும், சரியானது −1.797. திருத்துகிறவர் இதற்கு மன்னிப்பாரா மாட்டாரா என்று நாம் ஏன் யோசிக்க வேண்டும்? முழு எண்ணையும் கால்குலேட்டர் மெமரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டோர் செய்து 'ஏ' என்ற எழுத்தில் போட்டுவிட்டு, ஒய் தட்டும்போது அதை எடுத்துப் போடலாம், இல்லாவிட்டால் உடனே ஆன்ஸ் பட்டனைப் பயன்படுத்தலாம். தாளில் மட்டும் ஒய் = 3(2.7656) + 2 என்று ஓர் இடம் அதிகமாக எழுதிக் காட்டுங்கள். சுருக்குவது கடைசி வரியில் மட்டும்.

சால்வ் பட்டன் பிரியர்களுக்கு இன்னொன்று. அது நீங்கள் கொடுக்கிற ஆரம்ப எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு விடையைத்தான் தரும். இருபடிச் சமன்பாட்டில் இன்னொன்று இருக்கிறது என்று அது சொல்லாது. தாளில் ± போட்டு எழுதியவர்களுக்கு இந்த மறதியே வராது.

மத்ரிக்ஸ் (அணி) கேள்வி வேறு மாதிரி. சாதாரணக் கணிதத் தாளில் வரும். வடை, தேத்தண்ணி கணக்காகவே சொல்கிறேன். மூன்று வடையும் இரண்டு தே தாரேக்கும் 8 வெள்ளி 60 காசு, ஐந்து வடையும் நாலு தே தாரேக்கும் 16 வெள்ளி. மாமாக் கடையில் நின்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம், வடை 1 வெள்ளி 20 காசு, தேத்தண்ணி 2 வெள்ளி 50 காசு. ஆனால் கேள்வியில் 'காஎடா மத்ரிக்ஸ்' பயன்படுத்தி என்று போட்டிருந்தால், அது வேண்டுகோள் இல்லை, கட்டளை. ஒன்றை நீக்கி ஒன்றைக் கண்டுபிடிக்கிற முறையில் போட்டுச் சரியான விடை எழுதினாலும் மார்க்கை எதிர்பார்க்காதீர்கள். முதலில் இரண்டு வரிச் சமன்பாடு, அடுத்தது மத்ரிக்ஸ் வடிவம், அப்புறம் தலைகீழ் மத்ரிக்ஸ். அதில் 1 ÷ (3 × 4 − 2 × 5) என்று எழுதி, பக்கத்தில் 4, −2, −5, 3 என்று இடம் மாற்றிக் குறி மாற்றி எழுத வேண்டும். கால்குலேட்டரின் மத்ரிக்ஸ் மோட் இந்தப் பின்னத்தையே காட்டாது, உள்ளே பெருக்கி 2, −1, −2.5, 1.5 என்று காட்டும், அதை மட்டும் எழுதினால் நீங்கள் தட்டியது அப்பட்டமாகத் தெரியும். கடைசியில் இரண்டு எண்ணையும் மத்ரிக்ஸ் கூண்டுக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். வெளியே எடுத்து, வடை இவ்வளவு, தேத்தண்ணி இவ்வளவு என்று எழுதுங்கள்.

என் வகுப்பில் கால்குலேட்டர் அதிகமாகக் கழுத்தறுப்பது சிசிஹான் பியாவாயில், அதாவது திட்ட விலக்கத்தில். நாசி கண்டார் கடை வரிசையில் ஐந்து பேர் நின்ற நிமிஷங்கள் 4, 6, 7, 9, 14 என்று வைத்துக்கொள்வோம் (ஜார்ஜ்டவுனில் மத்தியானம் இது ரொம்பக் குறைவு, விடுங்கள்). ஸ்டாட்ஸ் மோடில் ஐந்தையும் போட்டுவிட்டு விடையைக் கூப்பிட்டால் திரையில் இரண்டு விலக்கம் இருக்கும், ஒன்று 3.406, இன்னொன்று 3.808. ஒன்று மொத்த எண்ணிக்கையால் வகுத்தது, மற்றது ஒன்றைக் கழித்து வகுத்தது. எஸ்.பி.எம். ரூமுஸ் மொத்த எண்ணிக்கையால் வகுப்பது, அதனால் 3.406. எத்தனையோ பேர் தப்பானதை எடுத்து எழுதிவிட்டு வருகிறார்கள், அது தப்பு என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கிற எண். வழி எழுதினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை:

சராசரி = (4 + 6 + 7 + 9 + 14) ÷ 5 = 40 ÷ 5 = 8
வர்க்கங்களின் கூட்டல் = 16 + 36 + 49 + 81 + 196 = 378
விலக்கம் = √(378 ÷ 5 − 8²) = √11.6 = 3.406

378-ஐ ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டாம். ஸ்டாட்ஸ் மோடிலேயே வர்க்கங்களின் கூட்டல் தனியாகக் கிடைக்கும், கூட்டலும் கிடைக்கும். அந்த இரண்டையும் அங்கிருந்து எடுத்துத் தாளில் போட்டு, கடைசி வரியைக் கையால் எழுதித் தட்டுங்கள். கூட்டுகிற வேலை மிஷினுக்கு, ரூமுஸ் வேலை உங்களுக்கு. தொகுத்த தரவு என்றால் அட்டவணையையே போட்டுவிடுங்கள், கூட்டல்களுக்கு அதுவே உங்கள் வர்க்கிங், அதற்குக் கீழே ரூமுஸில் எண் போட்ட வரியை மட்டும் எழுதுங்கள்.

திரிகோணமிதியில் கால்குலேட்டர் பொய் சொல்லாது, ஆனால் பாதி உண்மைதான் சொல்லும். 2 சைன் எக்ஸ் + 1 = 0, பூஜ்யத்திலிருந்து 360 டிகிரி வரை தீர்க்க வேண்டும். சைன் எக்ஸ் = −0.5 என்று எழுதி, தலைகீழ் சைன் தட்டினால் −30 வரும். கேட்ட எல்லைக்குள்ளேயே இல்லை! அதைப் பார்த்து 30 என்று எழுதுகிறவர்களும் உண்டு, 330 மட்டும் எழுதுகிறவர்களும் உண்டு. குறியை விட்டுவிட்டு 0.5-க்குத் தலைகீழ் சைன் தட்டுங்கள், 30° வரும், அதை "அடிப்படைக் கோணம் = 30°" என்று ஒரு வரியாக எழுதுங்கள். பக்கத்தில் சின்னதாக நாலு கட்டம் கீறி சைன் குறை எண்ணாக இருக்கிற மூன்றாவது, நாலாவது கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு 180° + 30°, 360° − 30° என்று எழுதி 210°, 330°. இந்தக் கேள்வியில் மிஷின் தந்தது ஒரே ஓர் எண், மிச்சம் முழுக்க உங்கள் மூளை, அந்த மூளை வேலை தாளில் இல்லாவிட்டால் மார்க் எங்கிருந்து வரும்? முக்கோணக் கணக்கில் சைன் விதி போடும்போதும் இதே பொறிதான். சைன் 0.6 என்றால் கால்குலேட்டர் 36.87° என்று மட்டும்தான் சொல்லும், விரிகோணமாக இருந்தால் அது 143.13° என்று நீங்கள்தான் 180-இலிருந்து கழித்துக் காட்ட வேண்டும்.

பை பட்டன். கேள்வியில் பை = 3.142 என்று அடைப்புக்குள் போட்டிருந்தால் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். ஆரம் 12 சென்டிமீட்டர், கோணம் 40 டிகிரி, வில்லின் நீளம் வேண்டும். 12 × 40 × 3.142 ÷ 180 போட்டால் 8.379, பை பட்டன் போட்டால் 8.378. சாதாரணக் கணிதத்தில் 22/7 கொடுத்திருப்பார்கள், ஆரம் 7 என்றால் பரப்பளவு பளிச்சென்று 154 வரும், பட்டனில் 153.938 என்று இழுத்துக்கொண்டு போகும். எதைப் போட்டீர்களோ அதை வரியில் எழுதுங்கள், பை என்று எழுதிவிட்டு உள்ளே எதையோ தட்டாதீர்கள்.

இன்டெக்ரேஷனுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 570 வகையில் அதற்குப் பட்டனே இருக்கிறது, 1 முதல் 3 வரை 3எக்ஸ்² − 2எக்ஸ் என்றால் நொடியில் 18 வரும். தாளில் [எக்ஸ்³ − எக்ஸ்²] என்று சதுர அடைப்புக்குள் எழுதி, மேலே 3 கீழே 1 போட்டு, (27 − 9) − (1 − 1) என்று இரண்டையும் விரித்துக் காட்டிவிட்டு 18 எழுதுங்கள். சதுர அடைப்பு இல்லாத விடை, யாரோ காதில் சொன்ன விடை மாதிரிதான். நேர்கோட்டு வரைபடக் கேள்வியில் லாக் மதிப்புகளை அட்டவணையில் எழுதிவிட்டால் போதும், ஒவ்வொன்றையும் எப்படித் தட்டினீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

எழுதக் கூடாதது என்று இரண்டு இருக்கிறது. பட்டன் வரிசையை எழுதக் கூடாது. "ஷிஃப்ட் சைன் 0.6" என்று எழுதிய தாளை நிஜமாகவே பார்த்தேன், அது வழி இல்லை, ரிமோட் கண்ட்ரோல் மேனுவல். இரண்டாவது, திரையில் ஓடுவதை ஓட ஓட எழுதுவது. 3 × 4 = 12 + 5 = 17 − 2 = 15 என்று. கால்குலேட்டரில் தொடர்ந்து தட்டுகிற பழக்கம் கையில் அப்படியே இறங்கிவிடுகிறது. 3 × 4 எப்படி 12 + 5-க்குச் சமமாகும்? இரண்டு பக்கமும் உண்மையிலேயே சமமாக இருந்தால் மட்டும் சமன் குறி போடப் பழகுங்கள், அடுத்த கணக்கு அடுத்த வரியில்.

சாதாரணக் கணிதத்தின் முதல் தாள் மட்டும் இதற்கெல்லாம் விதிவிலக்கு. 40 அப்ஜெக்டிவ் கேள்வி, ஒன்றரை மணி நேரம், அங்கே வழியை யாரும் பார்ப்பதில்லை, அதனால் சால்வோ ஈக்வேஷனோ எதை வேண்டுமானாலும் தட்டுங்கள், நாலு விருப்பத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்கலாம். இந்தத் தாளின் பழக்கத்தோடு 100 மார்க் இரண்டாம் தாளுக்குள் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே இரண்டரை மணி நேரம் தருவதே எழுதத்தான்.

அப்படியானால் அந்த மோட் எல்லாம் இரண்டாம் தாளில் வீணா? இல்லை. கையால் போட்டு முடித்த பிறகு ஈக்வேஷன் மோடில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், விடை ஒத்துப்போனால் நிம்மதி, ஒத்துப்போகாவிட்டால் எந்த வரியில் குறி மாறியது என்று தேடுங்கள். தப்பைக் கண்டுபிடித்தால் வெள்ளை மை பூசிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே திரும்ப எழுதுங்கள். நான் அந்தப் பையனை இரண்டு வாரம் இப்படித்தான் பழக்கினேன். கால்குலேட்டரை என் பக்கம் வாங்கி வைத்துக்கொண்டேன், அவன் என்ன தட்ட வேண்டும் என்று தாளில் எழுதி என்னிடம் நீட்டுவான், எழுதியது போலவே நான் தட்டுவேன், அடைப்பு இல்லாவிட்டால் அடைப்பு இல்லாமலே தட்டுவேன். முதல் நாள் 5.016 வந்ததும் என்னை முறைத்தான். "டீச்சர், நீங்க தப்பாத் தட்டிட்டீங்க." தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, ரப்பரை எடுத்தான். வீட்டில் அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களைத் தட்டச் சொல்லுங்கள், கணக்கு தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, எழுதியதைத் தவிர வேறெதையும் தட்ட மாட்டார்.

தேர்வுக்குப் புதுக் கால்குலேட்டர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பழகிய பழசையே கொண்டு போங்கள், பேட்டரி மட்டும் ஒரு வாரத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். நண்பனிடம் கடைசி நேரத்தில் இரவல் வாங்கினால் அவன் அதை ரேடியனில் விட்டிருப்பான், நீங்கள் டிகிரியில் கணக்குப் போடுவீர்கள், எல்லா வழியும் சரியாக இருந்து எல்லா எண்ணும் தப்பாகும். டேவானுக்குள், அதாவது தேர்வு மண்டபத்துக்குள், போய் உட்கார்ந்ததும், தாளைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், சைன் 30 என்று தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றிவிட்டு இன்னொரு தடவை தட்டுங்கள்.